69 டிகிரியில் ஒரு முதலுதவிப் பெட்டி

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் பகல் உச்சம் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. (இந்த அத்தியாயத்தில் வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.) அந்த நகரத்தை ஒட்டிய டெம்பீ என்ற ஊரில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்க அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். அங்கே அளந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு வெள்ளிநிறக் கார்களை வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி. இருக்கை 51. ஸ்டியரிங் 53. டேஷ்போர்டு 69.

அவர்களுடைய கவலை காருக்குள் விட்டுச் செல்லப்படும் குழந்தைகளைப் பற்றியது. ஆனால் அதே எண்கள் இன்னொரு கேள்விக்கும் விடை சொல்கின்றன. அவசரத்துக்கு உதவும் என்று நாம் காரில் போட்டுவைக்கும் மாத்திரை, ஊசி, இன்ஹேலர், பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பொட்டலம் எல்லாம் அந்தக் கொதிப்பில் என்ன ஆகின்றன? அவசரப் பொருளுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வண்டியில் இருப்பவற்றுள் அதிக நாள் தொடாமல் கிடப்பது அதுதான். தேவைப்படும் நாள் வரை யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

முதலில் வெப்பம் எப்படி உள்ளே தங்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. கண்ணாடி வழியே நுழையும் ஒளியை டேஷ்போர்டும் இருக்கையும் விழுங்கிச் சூடாகின்றன. அவற்றைத் தொட்ட காற்றும் சூடாகிறது. பள்ளிப் பாடத்தில், அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை, அதனால்தான் இந்தச் சூடு என்று படித்திருப்போம். அது முழுக் கதை அல்ல. ஆர். டபிள்யூ. வுட் என்ற இயற்பியலாளர் 1909-இல் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றொன்றுக்கு அகச்சிவப்பைத் தாராளமாகக் கடத்தும் கல்லுப்பு மூடி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு சூடேறின. சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழியில்லாமல் அடைபடுவதுதான் பெரிய காரணம்.

அப்படியானால் ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால் போதுமா? போதாது. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அதையும் சோதித்தது. ஜன்னலைச் சற்றே திறந்து வைத்ததால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. ஏறவேண்டிய வெப்பத்தில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. "மருந்தை வாங்கிக்கொண்டு அப்படியே கல்யாணத்துக்கு ஒரு எட்டுப் போய்விட்டு வந்துவிடலாம்" என்று காரில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இந்த அரை மணிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நிழல் உதவுகிறது. டெம்பீயில் நிழலில் நின்ற காரின் உள்காற்று 38 டிகிரி, டேஷ்போர்டு 48. வண்டியின் நிறமும் உதவுகிறது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரே மாதிரியான கறுப்புக் காரையும் வெள்ளிநிறக் காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்தபோது, வெள்ளிநிறக் காரின் உள்காற்று 5 அல்லது 6 டிகிரி குறைவாக இருந்தது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பொருள் காருக்குள் எங்கே இருக்கிறது என்பது. ஒரே காரில் காற்றுக்கும் டேஷ்போர்டுக்கும் 22 டிகிரி வித்தியாசம் இருந்ததைப் பாருங்கள். "காருக்குள் எத்தனை டிகிரி?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. நேரடி வெயில் படாத இருக்கையின் அடியும் டிக்கியின் தரைப்பகுதியும் ஒரு காலநிலை. கண்ணாடியை ஒட்டிய டேஷ்போர்டு வேறொரு காலநிலை.

இனி வேதியியல். ஒரு மூலக்கூறு சிதைய வேண்டுமானால் அது ஒரு ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். எந்த வெப்பநிலையிலும் சில மூலக்கூறுகளிடம் அந்த ஆற்றல் இருக்கும்; வெப்பநிலை ஏற ஏற அந்தச் 'சில' மிக வேகமாகப் பெருகும். ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889-இல் இதைச் சமன்பாடாக்கினார். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற எளிய விதி அங்கிருந்து வருவதுதான். சில வினைகள் இரட்டிப்போடு நிற்பதில்லை.

நிற்காத ஒன்றுக்கு எடுத்துக்காட்டு நாம் எல்லோரும் காரில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில். பெட் பிளாஸ்டிக் தயாரிக்கும்போது ஆன்டிமனி என்ற தனிமம் வினையூக்கியாகச் சேர்கிறது. அதில் சிறு பகுதி தண்ணீரில் கரையும். இதையும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் அளந்தார்கள். 2008-இல் முடிவு வெளிவந்தது. அமெரிக்கக் குடிநீர் வரம்பான நூறு கோடியில் 6 பங்கு என்ற அளவைத் தாண்ட 60 டிகிரியில் 176 நாட்கள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். 65 டிகிரியில் 38 நாட்கள். 70 டிகிரியில் 12 நாட்கள். 80 டிகிரியில் 2.3 நாட்கள். அறுபதிலிருந்து எழுபதுக்குப் போனதும் வேகம் ஏறக்குறைய 15 மடங்கு!

இந்த எண்களைப் பார்த்து பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. டிக்கியில் கிடக்கும் பாட்டில் 60 டிகிரியில் இடைவிடாமல் 176 நாட்கள் இருக்கப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நூறு கோடியில் 20 பங்கு. அமெரிக்க வரம்பைவிட மூன்று மடங்குக்கும் மேல் தாராளமானது. சூடேறிய பாட்டில் தண்ணீரில் வரும் பிளாஸ்டிக் வாடை பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். நடுவழியில் வண்டி நின்றுபோன வேளையில் தாகத்தோடு இருப்பதுதான் உண்மையான ஆபத்து. தண்ணீரைக் காரில் வையுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள், கண்ணாடி அருகே மட்டும் வேண்டாம்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரில் கிடக்கும் ஒரு மருந்து தினமும் 8 மணி நேரம் 55 டிகிரியிலும் மீதி 16 மணி நேரம் 30 டிகிரியிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சராசரி 38 டிகிரி. ஆனால் மருந்து சராசரியை உணர்வதில்லை. சூடான மணி நேரங்களின் வினைவேகம் மிக அதிகம் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் எடை கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துப் பெறும் எண்ணுக்குச் 'சராசரி இயக்க வெப்பநிலை' என்று பெயர். ஜான் ஹேன்ஸ் 1971-இல் வகுத்த முறை, மருந்துத் துறையில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தத் துறையில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆற்றல் தடையான மோலுக்கு 83 கிலோஜூலை வைத்துக் கணக்கிட்டால் விடை 45 டிகிரி. சிதைவு வேகம் 30 டிகிரியில் இருப்பதைப்போல 4.8 மடங்கு. மொத்தச் சேதத்தில் ஏறக்குறைய 86 சதவீதம் அந்த எட்டு மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. இரவில் கார் குளிர்ந்துவிடும். நடந்த சேதம் திரும்பாது. கந்துவட்டிக் கணக்கைப் போல அது ஏறிக்கொண்டே போகும், அசலுக்குத் திரும்புவதில்லை.

மருந்து அட்டையில் "30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்" என்றும், அதற்குச் சற்றுத் தள்ளி காலாவதித் தேதியும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டும் தனித்தனிச் செய்திகள் போலத் தோன்றும். உண்மையில் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள் அவை. அந்த வெப்பநிலையில் வைத்தால்தான் அந்தத் தேதி செல்லும். மேலே சொன்ன காரில் இரண்டாண்டு ஆயுள் ஐந்து மாதமாகச் சுருங்குகிறது, அட்டையில் உள்ள தேதியோ அப்படியே இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் பொட்டல உணவுக்கு இதை வெளிப்படையாகவே சொல்கிறார்கள். 27 டிகிரியில் மூன்று ஆண்டு தாங்க வேண்டும், 38 டிகிரியில் ஆறு மாதம் தாங்க வேண்டும் என்பது அதன் விதி. 11 டிகிரி ஏறியதற்கு ஆயுள் ஆறில் ஒன்று.

எல்லாப் பொருளும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. எது எப்படிக் கெடுகிறது என்று தெரிந்தால்தான் எதைக் காரில் வைக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்.

அட்ரினலின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். கடுமையான ஒவ்வாமைக்குத் தொடையில் குத்திக்கொள்ளும் தானியங்கி அட்ரினலின் ஊசியை வெளிநாடுகளில் நோயாளிகள் எப்போதும் கூடவே வைத்திருக்கிறார்கள். அதை 20 முதல் 25 டிகிரிக்குள் வைக்க வேண்டும், இடையிடையே 15 முதல் 30 வரை போகலாம், காரில் விட வேண்டாம் என்கிறது அதன் குறிப்பு. கெட்டுப்போன கரைசல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறும். அட்ரினோகுரோம் உண்டாவதுதான் அந்த இளஞ்சிவப்புக்குக் காரணம். சிக்கல் என்னவென்றால், நிறம் மாறாமலேயே வீரியம் குறைய வேறு வழிகளும் உண்டு. மூலக்கூறு தன் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கு மாறிக்கொண்டால் நிறம் அப்படியே இருக்கும், வேலை மட்டும் வெகுவாகக் குறையும். ஆகவே தெளிவாக இருக்கிறது என்பது சான்றிதழ் ஆகாது. அதே சமயம், உயிர் போகும் வேளையில் வேறு ஊசி இல்லையென்றால், நிறம் மாறாத பழைய ஊசியைப் போடாமல் இருப்பதைவிடப் போடுவதே மேல் என்பதுதான் ஒவ்வாமை மருத்துவர்களின் பொதுவான நிலைப்பாடு.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை விஷயம் வேறு. அது சிதைவதற்கு முன்னதாகவே தப்பித்துப் போய்விடும். எளிதில் ஆவியாகும் பொருள். பிளாஸ்டிக்கிலும் பஞ்சிலும் ஊறிக்கொள்ளும். அதனால்தான் அது இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் வருகிறது, வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். நம் ஊர் வீடுகளில் பரவலாக இருக்கும் சார்பிட்ரேட் மாத்திரை அதன் உறவுக்கார மூலக்கூறு. அவ்வளவு எளிதில் ஆவியாகாது என்றாலும், பணப்பையில் வெறும் பட்டையாகக் கிடந்து வெயில் காயும் அதற்கும் சலுகை எதிர்பார்க்க முடியாது. ஆஸ்பிரினுக்கு எதிரி ஈரமும் சூடும் சேர்ந்த கூட்டணி. அது சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் உடையும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் எறிந்துவிடலாம். கெட்டதைத் தானே மூக்குக்குச் சொல்லிவிடும் மருந்துகள் மிகக் குறைவு. ஆஸ்பிரின் அந்த வகையில் நேர்மையானது.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் கொண்ட, மடிப்பு குலையாமல் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் பொருள். சூடும் குலுக்கலும் சேர்ந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நார்களாகிவிடும். கார் இரண்டையுமே தருகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கென்யாவின் டடாப் அகதிகள் முகாமில் வீடுகளில் நிலவும் 25 முதல் 37 டிகிரி ஏற்ற இறக்கத்தில் நான்கு வாரம் வைத்த இன்சுலின், குளிர்சாதனத்தில் இருந்ததற்குச் சமமாகவே வேலை செய்தது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021-இல் காட்டின. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த 37 டிகிரி வீட்டுக்குள் இருந்த வெப்பம். காரின் 50, 60 டிகிரிக்கு அந்த ஆறுதலை நீட்டிக்கக் கூடாது. இன்னொன்று: பயந்துபோய் ஐஸ் கட்டிமேல் நேராக வைத்தால், உறைந்தும் இன்சுலின் பாழாகும்.

மருந்தைக் காப்பாற்ற முடியாதபோது மருந்தையே மாற்றுவது ஒரு வழி. வலிப்பை நிறுத்தும் லோராசிபாம் ஊசியைக் குளிர்சாதனத்தில் வைக்க வேண்டும். ஆம்புலன்ஸ்களுக்கு அது தலைவலி. மிடாசோலாமுக்கு அந்தத் தேவை இல்லை. அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2012-இல் வெளியானது. மிடாசோலாமைத் தசையில் தானியங்கி ஊசியால் செலுத்தியபோது 73 சதவீத நோயாளிகள் வலிப்பு நின்ற நிலையில் மருத்துவமனை வந்தார்கள். லோராசிபாமை ரத்தக்குழாயில் ஏற்றியபோது 63 சதவீதம். உப்புச்சர்க்கரைக் கரைசல் தூளுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. முன்பு அதில் பைகார்பனேட் இருந்தது. வெப்ப நாடுகளின் சூட்டிலும் ஈரத்திலும் குளுக்கோஸோடு சேர்ந்து பொட்டலம் பழுப்பேறிவிடும். 1984-இல் அதற்குப் பதிலாக சிட்ரேட்டைப் போட்டார்கள். இன்று நம் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த மாற்றத்தின் வாரிசு. காரில் கவலையில்லாமல் வைக்கத்தக்க மிகச் சில மருந்துகளில் அது ஒன்று என்பேன்.

மூடிய கலன்களுக்கு ஆபத்து வேதியியலால் அல்ல, அழுத்தத்தால். ஆஸ்துமா இன்ஹேலரில் மருந்தைத் தள்ளும் வாயு பலவற்றிலும் ஆர்-134ஏ. பல கார்களின் ஏ.சி.யில் சுற்றுவதும் அதே வாயுதான். அதன் அழுத்தம் 20 டிகிரியில் வளிமண்டலத்தைப்போல 5.7 மடங்கு, 50 டிகிரியில் 13 மடங்கு, 70 டிகிரியில் 21 மடங்கு. 49 டிகிரிக்கு மேல் போனால் வெடிக்கலாம் என்று உறையிலேயே எச்சரிக்கை இருக்கும். டேஷ்போர்டு அதை எவ்வளவு எளிதில் தாண்டுகிறது என்று முதல் பத்தியில் பார்த்தோம். சிகரெட் லைட்டரும் இதே வகைதான்.

பவர் பேங்கில் ஒரு முரண்பாடு இருக்கிறது. லித்தியம்-அயான் மின்கலத்தைச் சூடும் முழு சார்ஜும் சேர்ந்துதான் வேகமாகக் கிழடாக்கும்; பாதி சார்ஜில் வைத்தால் மெதுவாக மூப்படையும். ஆனால் அவசரத்துக்கு முழு சார்ஜ் அல்லவா வேண்டும்! என் தீர்ப்பு எளிது: பவர் பேங்க் கைப்பையில் போகட்டும். காரில் இருக்கும் டார்ச்சுக்கு மறுசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் பென்சில் செல் போடுங்கள். அது 60 டிகிரி வரை தாங்கும்; சாதாரண அல்கலைன் செல் 55 டிகிரியைத் தாண்டக் கூடாது, கசிந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு டார்ச்சை அரித்துவிடும். எதுவானாலும் செல்லை டார்ச்சுக்குள் போட்டுவைக்காமல் பக்கத்தில் தனியாக வையுங்கள்.

பட்ட சூட்டைப் பொருளே கணக்கெழுதி வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அது கற்பனை அல்ல. போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் வெளிர்நிறச் சதுரமும் ஒட்டியிருப்பதைக் கிராமச் செவிலியர்கள் எல்லோரும் அறிவார்கள், வி.வி.எம். என்று சொல்வார்கள். 1996 முதல் உலகெங்கும் போலியோ சொட்டு மருந்தில் இது வந்தது. சதுரத்தில் இருக்கும் டைஅசெட்டிலின் மூலக்கூறுகள் வெப்பம் பட்டால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிறம் கறுக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் போடக் கூடாது. போலியோ மருந்துக்கான அட்டை 37 டிகிரியில் 2 நாளில் அந்த நிலையை அடையும், 5 டிகிரியில் 225 நாளில். அர்ரீனியஸின் சமன்பாட்டை ஒரு சதுரத்தில் அச்சடித்துவிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். ராணுவ உணவுப் பெட்டிகளிலும் இதே போன்ற வட்டம் உண்டு. நெஞ்சுவலி மாத்திரைப் பட்டையிலும் இன்சுலின் பேனாவிலும் இது இன்னும் சாதாரண வழக்கமாகவில்லை என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, காரில் ஒரு பெட்டி வைத்தே தீரவேண்டும் என்றால்? தெர்மாகோல் பெட்டி எடுங்கள். அதில் ஐஸ் வைக்காவிட்டால் என்ன பயன் என்று தோன்றும். உண்மைதான், வெறும் தெர்மாகோல் வெப்பத்தைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. நான்கு சென்டிமீட்டர் தடிப்புள்ள சிறு பெட்டியில் ஒரு கட்டுத் துணியும் மாத்திரையும் மட்டும் இருந்தால் சீக்கிரமே வெளிச்சூடு உள்ளே வந்துவிடும். அதே பெட்டிக்குள் இரண்டு லிட்டர் தண்ணீரைச் சேர்த்து வைத்தால் நிலைமை மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாக 4.2 கிலோஜூல் வேண்டும். பெட்டியின் வெப்ப நுழைவை வைத்துக் கணக்கிட்டால், வெளிச்சூட்டைப் பின்தொடர உள்ளே இருப்பவற்றுக்கு ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். அதற்குள் வெயில் சாய்ந்துவிடும். பகலின் கொதிப்பும் இரவின் தணிவும் கலந்து, உள்ளே ஏறக்குறைய 38 டிகிரியைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும். மொத்தச் சராசரி மாறவில்லை. ஆனால் உச்சங்களை வெட்டிவிட்டதால், நாம் முன்பு போட்ட கணக்கின் 4.8 மடங்கு வேகம் ஏறக்குறைய 2.6 மடங்காக இறங்குகிறது. மின்சாரமும் ஐஸும் இல்லாமல் சேதம் பாதியாகிறது, அதுவும் எப்படியும் வைக்கப்போகும் குடிநீரைக் கொண்டு.

பாதி என்பது போதும் என்று ஆகிவிடாது. இன்சுலின், அட்ரினலின், நைட்ரோகிளிசரின், இன்ஹேலர் நான்கும் ஆளோடு இறங்கி ஆளோடு ஏற வேண்டியவை. கட்டுத்துணி, கத்தரிக்கோல், ஓ.ஆர்.எஸ்., தண்ணீர், விசில், டார்ச் ஆகியவை டிக்கியில் அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம். ஒட்டும் பிளாஸ்திரியின் பசையும் ரப்பர் கையுறையும் சூட்டில் பாழாகும், ஆனால் விலை குறைவு, மாற்றிக்கொள்ளலாம்.

எப்போது மாற்றுவது என்பதில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. கத்திரி முடிந்து நாலைந்து மாதத்தில் வடகிழக்குப் பருவமழை வரும். 2015 டிசம்பர் போல வெள்ளம் வந்தால் அந்தப் பெட்டியைத் திறக்கும் நாள் அதுவாகத்தான் இருக்கும். ஆண்டின் கடுமையான சூட்டைத் தின்றுவிட்ட பெட்டியைத்தான் நாம் மழைக்காலத்தில் நம்பித் திறக்கிறோம். செப்டம்பரில் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மாத்திரை, செல், பிளாஸ்திரி, தண்ணீர் மாற்றி, மூடியின் உட்புறம் மாற்றிய தேதியை மார்க்கரால் எழுதிவைக்க வேண்டும்.